தன்னைப் பற்றி நாலு வரி

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் தெருவில் இருக்கும் பிள்ளை ஒருத்தி கையில் ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தாள். பி.காம். முடித்து மூன்று வருஷம் ஆகிறது. திருநெல்வேலியில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் கணக்கு உதவியாளர் வேலை காலியாக இருப்பதாக விளம்பரம் பார்த்திருக்கிறாள். "மாமா, பயோடேட்டா ரெடி பண்ணிட்டேன். மேல நம்மளப் பத்தி நாலு வரி போடணுமாம். சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: கடின உழைப்பும் அர்ப்பணிப்பும் கொண்ட, விரைவாகக் கற்றுக்கொள்ளக்கூடிய, குழுவாகப் பணியாற்றும் திறமையுள்ள இளம் பட்டதாரி, புகழ்பெற்ற நிறுவனம் ஒன்றில் சவாலான பணியைப் பெற்று, நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் என் வளர்ச்சிக்கும் பங்களிக்க விரும்புகிறேன்.

இந்த வாக்கியத்தை எனக்கு நன்றாகவே தெரியும். நானே இதை நூற்றுக்கணக்கான தடவை அடித்திருக்கிறேன். 2004, 2005 வாக்கில் களக்காடு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். பயோடேட்டா அடிக்கப் பக்கத்துக்குப் பதினைந்து ரூபாய். கம்ப்யூட்டரில் ஒரே ஒரு ஃபைல்தான் இருக்கும். யார் வந்தாலும் அதைத் திறந்து பெயரை மாற்றுவேன், அப்பா பெயரை மாற்றுவேன், மதிப்பெண்ணை மாற்றுவேன். மேலே இருக்கும் அந்த வாக்கியத்தை மட்டும் தொட மாட்டேன். ஐ.டி.ஐ. பிட்டர், டீச்சர் டிரெயினிங் முடித்தவர், எம்.எஸ்சி. விலங்கியல் படித்தவர், எல்லாருக்கும் அதே வரிதான். "இது என்னைப் பத்தித்தானா?" என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. நானும் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. பிரிண்ட் எடுத்து, ஊதினால் காயும் என்று கொடுத்துவிடுவேன்.

இருபது வருஷம் கழித்து அதே வரி என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது. இந்தக் குறிப்பை எழுத அதுதான் காரணம். ஒரு கவிதையையோ கதையையோ விமர்சிப்பதுபோல இந்த நாலு வரியையும் ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு பார்க்கலாம் என்று தோன்றியது. நம் ஊர்ப் பிள்ளைகளில் பல பேர் வாழ்க்கையில் தங்களைப் பற்றி எழுதுகிற ஒரே பிரதி இதுதானே.

வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்தால்

முதல் சோதனை ரொம்ப எளிது. ஒவ்வொரு சொல்லையும் தலைகீழாக மாற்றிப் பாருங்கள். "சோம்பேறித்தனம் மிக்க, மெதுவாகக் கற்றுக்கொள்ளும், யாரோடும் ஒத்துப்போகாத பட்டதாரி" என்று யாராவது எழுதுவார்களா? மாட்டார்கள். எதிர்ப்பதத்தை யாருமே எழுத வாய்ப்பில்லை என்றால், அந்தச் சொல் எந்தத் தகவலையும் தரவில்லை என்று அர்த்தம். அரிசிக் கடையில் "இங்கே அரிசி கிடைக்கும்" என்று எழுதி வைத்த மாதிரி.

இரண்டாவது சோதனை: பக்கத்து வீட்டுக்காரர் இதில் தன் பெயரைப் போட்டுக் கொடுக்க முடியுமா? முடியும். எதிர்த்த வீட்டுக்காரரும் போடலாம். அப்படியானால் இது யாருடைய அறிமுகம்?

மூன்றாவது: இதைப் படிக்கப் போகிறவர் யார்? வாக்கியத்தில் அவர் எங்கேயும் இல்லை. "புகழ்பெற்ற நிறுவனம்" என்று மட்டும் இருக்கிறது. அவர்கள் எண்ணெய் விற்கிறார்களா, சிமெண்ட் விற்கிறார்களா, கணக்கு உதவியாளர் எதற்குத் தேவைப்படுகிறது, எதுவும் எழுதியவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள முயன்றதாகவும் தெரியவில்லை. "நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் என் வளர்ச்சிக்கும்" என்ற பகுதி கல்யாணப் பத்திரிகையில் வரும் "தங்கள் நல்வரவை விரும்பும்" மாதிரி ஆகிவிட்டது. இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. கண் அதன்மேல் நிற்காமல் போய்விடுகிறது.

ஆனாலும் இந்த வாக்கியத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் கேலி மட்டும் செய்வது சரியில்லை. தன்னைப் பற்றித் தானே எழுதுவது நமக்குக் கூச்சம். கூச்சப்படுகிறவனுக்கு அச்சில் வார்த்த வாக்கியம் ஒரு மறைப்பு. ஊரோடு ஒத்து எழுதிவிட்டால் தற்பெருமை என்று யாரும் சொல்ல முடியாது. புகழ்ச்சிச் சொற்கள் ஆறு ஏழு இருந்தும் அதில் யாரும் தன்னைப் புகழவில்லை. அதுதான் அதன் ரகசியம்.

எங்கள் அப்பா காலத்தில்

இதற்கு முந்தின தலைமுறைக்கு இந்தத் தொல்லையே கிடையாது. படித்து முடித்ததும் திருநெல்வேலி வேலைவாய்ப்பு அலுவலகத்தில் போய்ப் பதிவு செய்வார்கள். கையில் ஓர் அட்டை கிடைக்கும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அப்புறம் சீனியாரிட்டிதான் பேசும். இல்லாவிட்டால் தேர்வாணையப் பரீட்சை. அங்கே பதிவு எண் பேசும். நீ யார், உன்னை ஏன் எடுக்க வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அரசு வேலையை மட்டுமே நம்பியிருந்த ஊர்களில் "என்னைப் பற்றி" என்ற கட்டுரைக்கு இடமே இருந்ததில்லை.

1991க்குப் பிறகு தனியார் வேலை பெருகியபோது அந்தக் கேள்வியும் கூடவே வந்தது. 1997ல் அமெரிக்காவில் ஃபாஸ்ட் கம்பெனி என்ற பத்திரிகையில் டாம் பீட்டர்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். சோப்பு, ஷூ போல ஒவ்வொரு ஆளும் தன்னை ஒரு பிராண்டாக நினைத்துக்கொள்ள வேண்டும், தன்னிடம் என்ன தனியாக இருக்கிறது என்பதைப் பதினைந்து சொற்களுக்குள் எழுதிப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். இன்று வேலை தேடும் தளங்களில் எல்லாம் இருக்கிற தலைப்பு வரி, சுருக்கம் என்ற கட்டங்களுக்குப் பின்னால் இந்த எண்ணம்தான் இருக்கிறது. இப்போது ஏஐயிடம் கேட்டால் அரை நிமிஷத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறது. அன்றைக்கு என் கம்ப்யூட்டரில் இருந்த ஃபைலைவிட அதன் ஆங்கிலம் நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்கும் அந்தப் பிள்ளையைத் தெரியாது. நாம் சொன்னால்தான் தெரியும்.

ஆக, இது வெளிநாட்டுச் சரக்கு, நம் பண்பாட்டுக்கு ஒத்துவராது, அதனால்தான் நம்மவர்களுக்கு எழுத வரவில்லை என்று ஒரு முடிவுக்கு வரலாம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். நன்னூலை மறுபடி புரட்டியபோதுதான் அது தப்பு என்று தெரிந்தது.

நன்னூல் கொடுக்கும் அனுமதி

நன்னூல் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொண்டதற்காகப் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கணம். அதன் முதல் பகுதி பாயிரம். ஒரு நூலை எப்படி அறிமுகம் செய்ய வேண்டும் என்பதற்கான விதிகள் அங்கே இருக்கின்றன. எழுதியவர் யார், எந்த வழியில் வந்த நூல், எந்த எல்லைக்குள் வழங்குவது, நூலின் பெயர், தொகுத்த முறை, சொல்லும் பொருள், கேட்பவர் யார், அதனால் பயன் என்ன என்று எட்டுச் செய்திகள் சிறப்புப் பாயிரத்தில் இருக்க வேண்டும் என்கிறார் பவணந்தியார். கவனியுங்கள், எட்டில் ஒன்றுகூட "அருமையான நூல்" என்பது இல்லை. எல்லாமே சரிபார்க்கக் கூடிய தகவல்கள். "கேட்பவர் யார்" என்பதும் அதில் ஒன்று.

அடுத்து, அந்தப் பாயிரத்தை யார் எழுத வேண்டும்? எழுதியவரின் ஆசிரியர், கூடப் படித்தவர், அவருடைய மாணவர், தகுதியான உரைகாரர். இந்த நாலு பேர்தான். தானே எழுதிக்கொள்ளக் கூடாது. எவ்வளவு பெரிய நூலைச் செய்திருந்தாலும் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகுதியில்லை என்று அடுத்த சூத்திரத்திலேயே அடித்துச் சொல்லிவிடுகிறார்.

பெரும்பாலானவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கும் இதுவரைக்கும்தான் ஞாபகம். ஆனால் அதற்கடுத்த சூத்திரத்தில் விதிவிலக்குகள் வருகின்றன. அரசனின் அவைக்கு ஓலை எழுதி அனுப்பும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவே இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியிருக்கும்போது, எதிராளி தன்னைப் பழிக்கும்போது. இந்த நாலு இடங்களில் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம்.

வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவனை இதில் பொருத்திப் பாருங்கள். அவன் அதிகாரம் உள்ள ஒருவருக்கு ஓலை எழுதுகிறான். படிக்கிறவருக்கு அவனைத் தெரியாது. நேர்காணல் என்பது ஓர் அவை. போட்டிக்கு ஆளும் இருக்கிறார்கள். முதல் இரண்டு அப்படியே பொருந்துகின்றன, மூன்றாவது நேர்காணல் அன்றைக்குப் பொருந்துகிறது. எண்ணூறு வருஷத்துக்கு முன்னாலேயே நம் இலக்கணக்காரர் அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நம் கூச்சத்துக்கு மரபைக் காரணம் சொல்ல முடியாது.

அனுமதி கிடைத்துவிட்டது, சரி. எப்படிப் புகழ்ந்துகொள்வது? அதற்கு இரண்டு தமிழர்களின் கடிதங்களைப் பார்க்கலாம். இரண்டுமே வேலையோ உதவியோ கேட்டு எழுதியவை. ஒன்று பலித்தது, ஒன்று பலிக்கவில்லை.

ராமானுஜன்: இரண்டு ஓலைகள்

1912 பிப்ரவரி 9ஆம் தேதி, சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தர் வேலை காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு ராமானுஜன் ஒரு விண்ணப்பம் எழுதினார். அப்போது அவருக்கு 24 வயது. பட்டம் கிடையாது. கும்பகோணத்தில் உதவித்தொகை போனது, சென்னையில் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. இன்றைய கணக்கில் சொன்னால், பயோடேட்டாவில் பெரிய ஓட்டை.

அந்த விண்ணப்பம் ரொம்பச் சின்னது. மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், எஃப்.ஏ. வரை படித்தேன், சில எதிர்பாராத சூழ்நிலைகளால் மேலே படிக்க முடியவில்லை, அதன்பின் முழு நேரத்தையும் கணிதத்தில் செலவழித்து வருகிறேன், வேலை கொடுத்தால் சரியாகச் செய்வேன் என்ற நம்பிக்கை இருக்கிறது. அவ்வளவுதான். தோல்வியை மறைக்கவும் இல்லை, அதைப் பற்றிப் புலம்பவும் இல்லை. அரை வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். தன்னைப் பற்றி மேதை, ஆற்றல் என்று ஒரு சொல்கூட இல்லை.

புகழ்ச்சி வேறு ஒருவர் வாயிலிருந்து வந்தது. பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் பரிந்துரைக் கடிதம் கொடுத்திருந்தார். கணிதத்தில் அசாதாரணத் திறமையுள்ள இளைஞர், எண்களைக் கையாள்வதில் வேகமானவர் என்று அதில் இருந்தது. பவணந்தியார் சொன்ன ஏற்பாடு அப்படியே நடந்திருக்கிறது. தகவலைத் தான் சொல்ல வேண்டும், பாயிரத்தைத் தகுதியுள்ள இன்னொருவர் சொல்ல வேண்டும். 1912 மார்ச் 1ஆம் தேதி மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் ராமானுஜன் வேலையில் சேர்ந்தார்.

பதினோரு மாதம் கழித்து, 1913 ஜனவரி 16ஆம் தேதி, அதே ஆள் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதுகிறார். தொடக்கத்திலேயே நான் துறைமுகக் கணக்குப் பிரிவில் வருஷத்துக்கு இருபது பவுண்டு சம்பளம் வாங்கும் எழுத்தர் என்று சொல்லிவிடுகிறார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதையும் சொல்கிறார். வயது ஏறக்குறைய 23 என்று எழுதினார், உண்மையில் 25 முடிந்திருந்தது. அதை விடுங்கள். முக்கியமானது பின்னால் இணைத்திருந்த தாள்கள். பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். ஹார்டி முதலில் இது மோசடியோ என்றுகூட யோசித்தார். கடைசியில், இவை உண்மையாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இப்படிக் கற்பனை செய்ய ஒருவராலும் முடியாது என்ற முடிவுக்கு வந்தார். பிப்ரவரி 8ஆம் தேதி பதில் எழுதினார்.

இரண்டு ஓலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துறைமுகத்துக்கு எழுதியதில் தேற்றம் கிடையாது, ஹார்டிக்கு எழுதியதில் "வேலையைச் சரியாகச் செய்வேன்" கிடையாது. படிப்பவருக்கு எது தேவையோ, அவரால் எதைச் சரிபார்க்க முடியுமோ, அது மட்டும் இருக்கிறது.

நாம் ராமானுஜன் இல்லையே என்று சொல்லலாம். உண்மைதான். துறைமுக வேலைக்கு அவரும் கணித மேதையாக விண்ணப்பிக்கவில்லை, கூட்டல் கழித்தல் தெரிந்த எழுத்தராகத்தான் விண்ணப்பித்தார்.

கடையத்திலிருந்து பாரதி

பலிக்காத கடிதத்துக்கு நான் தூரம் போக வேண்டியதில்லை. களக்காட்டிலிருந்து மலையோரமாகவே வடக்கே போய் அம்பாசமுத்திரத்தைத் தாண்டினால் கடையம். செல்லம்மாள் பாரதியின் ஊர். புதுச்சேரியை விட்டு வந்து கடலூரில் கைதாகி, 1918 டிசம்பரில் விடுதலையான பாரதி அங்கேதான் வந்து தங்கினார். வருமானம் இல்லை.

1919ல் எட்டயபுரம் ஜமீன்தாருக்கு அவர் செய்யுளில் ஓலை எழுதினார். சீட்டுக்கவி என்பது பழைய வகை. புலவன் புரவலனுக்குத் தன் பெருமையைச் சொல்லிப் பரிசு கேட்டு அனுப்பும் பாட்டு. பாரதி "ஓலைத்தூக்கு" என்ற சொல்லையே தலைப்பில் பயன்படுத்தியிருக்கிறார், அதாவது நன்னூல் சொன்ன முதல் விதிவிலக்கு. தமிழ்நாட்டில் பெரிய கவி இல்லை என்ற வசை தன்னால் நீங்கியது என்று அதில் துணிந்து சொல்கிறார். உதவி வரவில்லை.

1920ல் இன்னொரு முயற்சி. தன் எழுத்துகளை நாற்பது புத்தகங்களாகப் போடுவது, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதி, ஆக மொத்தம் நாலு லட்சம், தொடக்கச் செலவு இருபதாயிரம் ரூபாய். நண்பர்கள் ஆளுக்கு நூறு ரூபாயாவது கடன் தர வேண்டும், மாதம் இரண்டு சதவீத வட்டி தருகிறேன் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தீப்பெட்டி, மண்ணெண்ணெய் போலத் தன் புத்தகங்கள் சாதாரணமாக விற்றுப்போகும் என்று அதில் எழுதினார். அதுவும் நடக்கவில்லை. அடுத்த வருஷம் செப்டம்பரில் காலமானார்.

இரண்டு கடிதங்களிலும் பாரதி சொன்னது பொய்யில்லை. 1949ல் அரசாங்கமே அவர் படைப்புகளின் உரிமையை வாங்கி, பிறகு பொதுவுடைமையாக்கியது. தீப்பெட்டிக் கணக்கு பிற்காலத்தில் பலித்தது என்றே சொல்லலாம். ஆனால் கடிதத்தைப் படித்தவரின் இடத்தில் இருந்து பாருங்கள். ஜமீன்தார் வெள்ளைக்கார அரசாங்கத்தை அண்டிப் பிழைப்பவர். வாங்குபவருக்கு அதில் ஆபத்து மட்டும்தான் தெரியும். சுற்றறிக்கையிலோ எண்கள் எல்லாம் இனிமேல் நடக்கப்போவதைப் பற்றியவை. இதுவரை எவ்வளவு விற்றது என்ற எண் இல்லை. வாழைத்தாரைக் கையில் கொடுத்து எடை போடச் சொல்வது வேறு, வைக்கப்போகிற தோட்டத்தின் விளைச்சலைச் சொல்வது வேறு. இரண்டாவதை நம்புவதற்கு வாசகருக்கு அன்பு வேண்டும்.

இதைப் பாரதியின் குறையாகச் சொல்லவில்லை. எவ்வளவு நன்றாக எழுதினாலும், எதிரே இருப்பவர் தயாராக இல்லை என்றால் ஓலை திரும்பி வராது. இந்த நாலு வரியை "வாழ்க்கையை மாற்றும் மந்திரம்" என்று விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

"மண்டின்னு எழுதுனா என்ன நினைப்பாங்க?"

இதையெல்லாம் அன்றைக்கு அந்தப் பிள்ளையிடம் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டேன். "இந்த மூணு வருஷமா என்னம்மா பண்ணிட்டிருக்க?"

"சும்மாதான் மாமா இருக்கேன்."

"தினமும் காலைல எங்க போற?"

"வாழைக்கா மண்டிக்கு. அங்க கணக்கு எழுதுதேன். அது ஒரு வேலையா?"

இங்கே ஏத்தன், ரசகதலி, செவ்வாழை என்று எல்லா வாழையும் விளையும். ஓணத்துக்கு முன்னால் கேரளத்துக்கு லாரி லாரியாகப் போகும். அந்த நாட்களில் மண்டியில் நிற்க இடம் இருக்காது. ஒவ்வொரு விவசாயிக்கும் தார் எடை, கழிவு, கமிஷன், முன்னால் வாங்கின பணம் எல்லாம் தனித்தனியாகப் பார்த்துக் கணக்கு முடிக்க வேண்டும். ஒரு ரூபாய் குறைந்தாலும் சத்தம் வரும். அதை மூன்று வருஷமாகச் செய்கிற பிள்ளை "சும்மா இருக்கேன்" என்கிறாள். தாளில் மண்டி பற்றி ஒரு சொல் இல்லை. முகவரியில் களக்காடு இல்லை, திருநெல்வேலி என்று மட்டும் போட்டிருந்தாள்.

"ஏன்ம்மா இதை எழுதல?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள். "மண்டின்னு எழுதுனா என்ன நினைப்பாங்க? அப்பா அங்கதான் லோடு ஏத்துதாரு. ஊரு, தெரு, அப்பா வேலை எல்லாம் கேட்டா நாம யாருன்னு தெரிஞ்சிரும்லா மாமா."

இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. அவள் பயப்படுவது கற்பனை இல்லை. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் 2007ல் எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லியில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒத்த தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்த ஆய்வு. மொத்தம் 4,808 விண்ணப்பங்கள். மேல்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், அடுத்த கட்டத்துக்கு அழைப்பு வரும் சாத்தியம் தலித் பெயருக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. தகுதி ஒன்று, பெயர் மட்டும் வேறு. நாலு வரியை எவ்வளவு செதுக்கினாலும் ஐந்தாவது வரியாகப் பெயர் நிற்கிறது.

பாயிரம் சொல்ல ஆள் கிடைப்பதும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. ராமானுஜனுக்குப் பேராசிரியர் கிடைத்தார். லோடு ஏற்றுகிறவர் மகளுக்கு மண்டிக்காரர்தான் கிடைப்பார்.

அதனால் முகவரி விஷயத்தில் நான் வாதாடவில்லை. அது அவள் முடிவு. ஆனால் ஒன்று சொன்னேன். "ஊரை மறைக்கிறது உன் இஷ்டம். வேலையை மறைக்காத. அந்த அச்சு வாக்கியம் உன்னைக் காப்பாத்துதுன்னு நீ நினைக்க. அது உன் பேரை மறைக்கல, நீ செஞ்சதைத்தான் மறைக்குது."

அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து எழுதினோம். முதலில் தமிழில், அப்புறம் ஆங்கிலத்தில். அவள் அனுமதியோடு தமிழ் வடிவத்தை இங்கே தருகிறேன்:

வாழைத்தார் மொத்த மண்டி ஒன்றில் மூன்று வருஷமாகத் தினசரிக் கணக்கு எழுதுகிறேன்; சீசனில் ஒரு நாளைக்கு அறுபது விவசாயிகள் வரை, ஒவ்வொருவருக்கும் எடை, கழிவு, கமிஷன், முன்பணம் தனித்தனி. நோட்டில் இருந்த கணக்கை எக்செல்லுக்கு மாற்றினேன். முன்பு மறுநாள் மதியம் முடிந்த பட்டியல் இப்போது அன்று இரவே முடிகிறது. பி.காம்., டேலி படித்திருக்கிறேன். ஜிஎஸ்டி தாக்கல் செய்து பழக்கமில்லை, கற்றுக்கொள்ள வேண்டும். என் வேலையைப் பற்றி மண்டி உரிமையாளரிடம் போனில் விசாரிக்கலாம்.

இதில் ஒரு புகழ்ச்சிச் சொல்கூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போட முடியாது. மொத்த வியாபாரம் செய்கிற நிறுவனத்துக்கு, தினசரி வரவையும் கமிஷனையும் முன்பணத்தையும் பார்த்த ஆள் எதற்கு ஆவாள் என்று சட்டென்று புரியும். ஜிஎஸ்டி வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். தெரியாததை ஒன்று சொன்னால், தெரியும் என்று சொன்ன மற்றவற்றை நம்புவார்கள். ராமானுஜன் எஃப்.ஏ. பற்றிச் சொன்ன அளவு போதும், அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

மண்டிக்காரர் அண்ணாச்சியிடம் போன் நம்பர் கொடுக்கலாமா என்று அவளே போய்க் கேட்டிருக்கிறாள். "நீ போயிட்டா இங்க யாருளா கணக்குப் பாப்பா?" என்று முதலில் சத்தம் போட்டாராம். அப்புறம், "சரி குடு. கேட்டா நான் சொல்லுதேன்" என்றாராம். அவளுடைய மூன்று வருஷத்தை ஒருவர் வேலை என்று ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

விண்ணப்பம் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. இதை எழுதும்வரை பதில் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த விண்ணப்பத்துக்கு அந்த நாலு வரியை அப்படியே அனுப்பாதே, படிக்கிறவர் யார் என்று பார்த்து மாற்று என்று சொல்லியிருக்கிறேன்.

2004ல் பதினைந்து ரூபாய் வாங்கிக்கொண்டு நான் அடித்துக் கொடுத்த பயோடேட்டாக்களில் எத்தனை மண்டி, எத்தனை தறி, எத்தனை மளிகைக்கடைக் கணக்கு எழுதப்படாமல் போனதோ தெரியவில்லை. ஒரு கேள்வி கேட்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். கேட்டிருக்கலாம். அந்த ஃபைல் இன்னும் யாருடைய கம்ப்யூட்டரிலாவது இருந்தால், மேலே உள்ள வாக்கியத்தை அழித்துவிட்டு, வருகிறவரிடம் "தினமும் காலைல எங்க போறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.